புதிய கணினியும் பழைய எழுத்தும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீடுகளிலே இக்காலத்தில் அடிக்கடி நேரும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஊர் வரலாற்றில் ஈடுபாடுடைய பெரியவர் ஒருவர், இருபது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், தாமே வீடு வீடாகச் சென்று கேட்டறிந்த செய்திகளைக் கணினியிற் பதித்து வைத்திருப்பார். கோயில்கள், குளங்கள், ஒழுங்கைகள், மறைந்த ஆசிரியர்களின் பெயர்கள், எந்தக் குடும்பம் எந்த ஆண்டில் எங்கே சென்றது என்னும் விவரங்கள் யாவும் அதில் இருக்கும். விடுமுறைக்கு வந்த மகன் புதிய கணினி ஒன்றை வாங்கிக் கொடுப்பான். பழைய கோப்புகள் அதற்கு மாற்றப்படும். திறந்து பார்த்தால் கோயிலும் இல்லை, குளமும் இல்லை. ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் பொருளின்றி இறைந்து கிடக்கும். அவற்றை எழுதப் பயன்பட்ட மென்பொருளோ திறக்கவே மறுத்துவிடும். கோப்புப் பழுதாகிவிட்டது என்று இளையோர் தீர்ப்புக் கூறுவர். பெரியவரும் நம்பி, பழைய வட்டைக் கழித்துவிடுவார்.

கோப்பிற் பெரும்பாலும் பழுதே இல்லை. எழுதிய ஒவ்வோர் எழுத்தும் எழுதியவாறே அதனுள் இருக்கின்றது. அதைப் படிக்கும் முறைதான் கைநழுவிப் போயிற்று. அது எவ்வாறு நழுவிற்று என்பதை அறிய வேண்டுமாயின், கணினி தோன்றுதற்கு முந்திய காலத்துக்குச் செல்லல் வேண்டும். அவ்வரலாற்றின் தொடக்கத்திலே நிற்பவரும் யாழ்ப்பாணத்தவர் ஒருவரே.

1886ஆம் ஆண்டு சுண்டிக்குளியிற் பிறந்த இராமலிங்கம் முத்தையா, 1907ஆம் ஆண்டில் மலாயா நாடு சென்று, பின்னர்ச் சிங்கப்பூரிற் பணிபுரிந்தவர். ஆங்கிலத் தட்டச்சுப் பொறியை அன்றாடம் கண்டவர், தமிழுக்கு அத்தகைய பொறி ஏன் இல்லை என்று சிந்திக்கலானார். ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்துக்கள். தமிழுக்கு இருநூற்று நாற்பத்தேழு. பொறியிலே பொருத்தக்கூடிய விசைகளோ ஏறக்குறைய நாற்பத்தாறு. முத்தையா கண்ட வழி மிக எளியது, ஆனால் எளிதிற் தோன்றாதது. எழுத்தை முழுதாக வைக்காமல் உறுப்புகளாகப் பிரித்தார். கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி. சில விசைகளைத் தட்டினால் உருளை நகராது நிற்குமாறு செய்தார். புள்ளியை முதலில் தட்டினால் அது தாளில் விழும், உருளை நகராது. அடுத்து மகரத்தைத் தட்டினால் அது புள்ளியின் கீழே வந்து அமரும். ‘ம்’ என்னும் எழுத்துப் பிறக்கும். ஜேர்மனியின் சைடல் அன்ட் நௌமான் நிறுவனம் இப்பொறியை ஆக்கிக் கொடுத்தது.

இப்பொறிக்கு மொழி தெரியாது என்பதை இங்கே குறித்துக்கொள்ளல் நன்று. ‘கொ’ என்பது கண்ணுக்குத் தோன்றும் முறையிலே கொம்பு, ககரம், கால் என மூன்று அடிகளாகத் தட்டப்படும். ஓசையில் முதலில் வருவது ககரமெய். பொறியில் முதலில் விழுவது கொம்பு. தாளிற் பார்ப்பவர் மனிதராதலால் இதனாற் கேடு ஒன்றும் விளையவில்லை. தட்டெழுத்துப் பள்ளிகளிலே ‘யளனக’ என்று இடக்கைக்கும் ‘தமட’ என்று வலக்கைக்கும் விரற்பயிற்சி பெற்ற தலைமுறைகள், கச்சேரிகளிலும் நீதிமன்றங்களிலும் தமிழை நன்றாகவே நடத்திச் சென்றன.

கணினி வந்தபோது, தமிழை அதற்குக் கற்பித்தவர்கள் பெரிய நிறுவனத்தார் அல்லர். தத்தம் தொழிலை முடித்து வீடு திரும்பிய பின், இரவிலே ஆர்வம் ஒன்றையே கூலியாகக் கொண்டு உழைத்தவர்கள் பலர். கனடாவிற் கலாநிதி சீனிவாசன் 1984ஆம் ஆண்டில் ‘ஆதமி’ என்னும் மென்பொருளை ஆக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ என்பதைத் தொடங்கினார். சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் இரசாயனவியல் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த கலாநிதி கல்யாணசுந்தரம் ‘மயிலை’ என்னும் எழுத்துருவை ஆக்கி இலவசமாக வழங்கினார். அவரே 1998ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, பழந்தமிழ் நூல்களை உலகெங்குமுள்ள ஆர்வலரைக் கொண்டு தட்டெழுதச் செய்தவர். இவர்களுடைய ஆக்கங்களைப் பொழுதுபோக்கு முயற்சிகள் என்று சொல்லலாம், அவமதித்தல் ஆகாது. பொழுதுபோக்கு முயற்சிக்கு ஒரு குறை மட்டும் உண்டு. ஆக்கியவர் ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்துவிடும்.

இந்த ஆண்டுகளிலே குடாநாடு எந்த நிலையில் இருந்தது என்பதை மூத்த நேயர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டில் தேசிய மின்வலையமைப்பின் தொடர்பு அற்றுப்போயிற்று. எரிபொருளும் மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, தைனமோவிலே பிறந்த மின்சாரத்தில் வானொலி கேட்ட காலம் அது. செய்தித்தாள்கள் அச்சுத்தாள் இன்றி, கிடைத்த தாளிலெல்லாம் அச்சிடப்பட்டன. அத்தகைய இடத்திற் கணினி எங்ஙனம் பரவும்? ஆகவே தமிழ்க் கணிமை என்னும் பயிர், கனடாவிலும் ஐரோப்பாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழகத்திலும் வளர்ந்தது. யாழ்ப்பாணத்தவர் பலர் அதிற் பங்கு கொண்டனராயினும், அவர்களும் பெரும்பாலும் கடல் கடந்து வாழ்ந்தவர்களே.

2002ஆம் ஆண்டிற் போர்நிறுத்தம் ஏற்பட்டு ஏ-9 பாதை திறந்த பின்னரே, கணினிகள் பெருந்தொகையாக வடக்கு நோக்கி வரலாயின. அவற்றோடு வந்தது ‘பாமினி’ என்னும் எழுத்துரு. ஈழத்தமிழரின் பத்திரிகைகளும் புலம்பெயர்ந்தோர் வெளியீடுகளும் முன்னரே அதைக் கையாண்டிருந்தன. கும்பாபிடேக மலர், பாடசாலை ஆண்டு மலர், நினைவு மலர், கலியாண அழைப்பிதழ் என எதை எடுத்தாலும், அதுவும் பேஜ்மேக்கர் என்னும் பக்க அமைப்பு மென்பொருளுமே துணை. தட்டச்சுப் பழகியவருக்குப் பாமினி மிக இசைவாக இருந்தமைக்குக் காரணம் வெளிப்படை. முத்தையாவின் வழிவந்த விசை ஒழுங்கு ஏறக்குறைய அப்படியே அதில் இருந்தது. ‘யளனக’ பழகிய விரலுக்குப் புதிதாகக் கற்பதற்கு அதிகம் இல்லை.

குறையின் வேரும் அங்கேதான் இருக்கின்றது. கணினி எழுத்தை எழுத்தாக வைப்பதில்லை, எண்ணாக வைக்கின்றது. 106 என்னும் எண் உலகத்தின் எந்தக் கணினியிலும் ஆங்கிலச் சிற்றெழுத்தாகிய ‘ஜே’யைக் குறிக்கும். பாமினி எழுத்துரு அந்த எண்ணை மாற்றவில்லை. ‘ஜே’யின் வடிவத்தை அழித்து அவ்விடத்திலே தகரத்தை வரைந்து வைத்தது. அவ்வாறே ‘கே’யின் இடத்தில் மகரம், ‘பி’யின் இடத்தில் இகர விசிறி, ‘ஓ’வின் இடத்தில் ழகரம், அரைப்புள்ளியின் இடத்தில் மெய்ப்புள்ளி. ஆகவே ஒருவர் ‘தமிழ்’ என்று எழுதிச் சேமித்தபோது, கணினியின் நினைவில் நின்றவை ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே. தமிழ் என்பது கோப்பினுள் எங்கும் இல்லை. அது எழுத்துருவில் இருந்தது. எழுத்துரு இல்லாத புதிய கணினியிற் கோப்பைத் திறந்தால், திரை விழுந்த பின் நாடகக்காரர் வேடம் கலைத்து நிற்பதுபோல, அந்த ஆங்கில எழுத்துக்கள் தம் சொந்த முகத்தோடு நிற்கின்றன.

இது பாமினிக்கு மட்டும் உரிய குறை அன்று. ஒவ்வோர் ஆர்வலரும் தமக்குத் தோன்றிய ஒழுங்கிலே எழுத்துக்களை அடுக்கினர். ஒருவருடைய எழுத்துருவில் எழுதியதை மற்றொருவருடையதிற் படிக்க இயலாது. இதனாற் சலிப்புற்றோர் 1990களின் பிற்பகுதியில் மின்னஞ்சல் வழியாகவே கூடி விவாதித்துத் ‘திஸ்கி’ என்னும் பொதுக் குறியேற்றத்தை வகுத்தனர். 1999ஆம் ஆண்டு பெப்ரவரியிற் சென்னையிலே நிகழ்ந்த தமிழ் இணைய மாநாட்டின் வழியாகத் ‘தாம்’, ‘தாப்’ என்னும் வேறு இரண்டு ஒழுங்குகள் வந்தன. ஒற்றுமைக்காகக் கூடிய ஒவ்வொரு கூட்டமும் புதிய பிரிவு ஒன்றைப் பெற்றெடுத்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். முழுப் பொய் ஆகாது.

இதற்கிடையில், 1991ஆம் ஆண்டிலேயே, ஒருங்குறி என்று இன்று நாம் அழைக்கும் யூனிகோட் வெளியாகியிருந்தது. அதிலே தகரத்துக்கு 2980, மகரத்துக்கு 2990, ழகரத்துக்கு 2996. இவ்வெண்கள் வேறெந்த மொழியின் எழுத்தையும் குறிக்கமாட்டா. ஆயினும் ஏட்டில் இருந்த ஒருங்குறி வீட்டுக் கணினிக்கு வந்து சேர ஏறத்தாழப் பத்தாண்டு சென்றது. விண்டோஸ் 2000 என்னும் இயக்கு முறைமையிலேதான் ‘லதா’ என்னும் எழுத்துருவோடு தமிழ் ஒருங்குறி இடம்பெற்றது. யாழ்ப்பாணத்திற் பயன்பட்ட கணினிகளோ பெரும்பாலும் அதற்கு முந்திய பதிப்புகளிலும் பழைய பழக்கத்திலும் நெடுங்காலம் நின்றன. 2008ஆம் ஆண்டில் இலங்கை ஒருங்குறியைத் தழுவிய தமிழ்த் தரநிர்ணயத்தையும் தட்டச்சு வழிவந்த ரங்கநாதன் விசைப்பலகையையும் ஏற்றுக்கொண்டது. அதற்குள் எத்தனையோ ஊர்களின் கதைகள் பாமினியிலே எழுதி முடிந்துவிட்டன.

மென்பொருளே திறவாமற் போவதற்குக் காரணம் வேறு. ஆதமி முதலிய தொடக்ககால ஆக்கங்கள் ‘டொஸ்’ என்னும் முறைமைக்கென, பதினாறு பிட் கணினிக்காக எழுதப்பட்டவை. இன்றைய அறுபத்து நான்கு பிட் விண்டோஸ் அத்தகைய கட்டளைகளை ஏற்று நடத்தும் பகுதியையே கைவிட்டுவிட்டது. பேஜ்மேக்கரின் நிலையும் அதுவே. 2001ஆம் ஆண்டில் வந்த ஏழாம் பதிப்போடு அதன் வரிசை முடிந்தது. நிறுவனம் பின்னர் விற்ற இன்டிசைன் என்னும் மென்பொருளின் பழைய பதிப்புகள் பேஜ்மேக்கர்க் கோப்புகளைத் திறந்தன. புதிய பதிப்புகள் திறப்பதில்லை.

இந்த இக்கட்டு யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. சிறுப்பிட்டியிலே 1832ஆம் ஆண்டிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் அச்சேற்ற முனைந்தபோது பட்ட பாடு இதற்கு நெருங்கிய உறவுடையது. பனையோலையிற் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சி, எழுதுவோர் மெய்ப்புள்ளியை விட்டுவிடுவது வழக்கம். காலும் ரகரமும் ஒரே வடிவில் இருக்கும். எகர ஏகார வேறுபாடு தெரியாது. ஏடு கையில் இருந்தது. எழுத்தும் கண்ணுக்குத் தெரிந்தது. ஆயினும் படித்தல் என்பது பயிற்சியுடையவருக்கே இயன்றது. அவர் பல பிரதிகளை ஒப்புநோக்கி, இலக்கணத்தைத் துணைக்கொண்டு, இவ்விடத்தில் இருப்பது கால், இவ்விடத்தில் இருப்பது ரகரம் என்று துணிந்தார். கணினிக் கோப்பை மீட்பவர் செய்ய வேண்டியதும் ஏறக்குறைய இதுவே. வேறுபாடு காலத்தில் உண்டு. ஓலை இருநூறு முந்நூறு ஆண்டு காத்திருந்தது. நெகிழ்வட்டு இருபது ஆண்டு காத்திருந்தாலே பெரிது.

மீட்கும் வழியைச் சுருக்கமாகவேனும் கூறுதல் வேண்டும். முதலிற் செய்யத்தக்கது பிரதி எடுத்தல். மூலக் கோப்பைத் திறந்து, திருத்தி, அதன் மேலேயே சேமித்தல் ஆகாது. அடுத்து, திரையிலே தோன்றும் குழப்பத்தை உற்று நோக்கல் வேண்டும். வெறும் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் மிகுதியாகத் தோன்றினால், அது பாமினி இனத்தைச் சேர்ந்தது என்று கொள்ளலாம். தலையிற் கோடும் புள்ளியும் தாங்கிய ஐரோப்பிய எழுத்துக்கள் தோன்றினால், அது திஸ்கி அல்லது தாப் ஆகலாம். வைத்தியர் நாடி பார்ப்பது போன்ற இப்பார்வை, பாதி வேலையை முடித்துவிடும்.

பாமினி எனத் தெரிந்துவிட்டால், அந்த எழுத்துருவைத் தேடிப் புதிய கணினியில் நிறுவினாலே போதும்; பல வேளைகளிற் கோப்பு அக்கணமே தமிழாகிவிடும். பழைய எழுத்துருக் கோப்புகளைப் புதிய விண்டோஸ் இன்னும் பெரும்பாலும் ஏற்கின்றது. டொஸ் காலத்து மென்பொருள்தான் வேண்டும் என்றால், ‘டொஸ்பொக்ஸ்’ என்னும் இலவச மென்பொருள் பழைய கணினியைப் புதிய கணினிக்குள்ளே நடித்துக் காட்டும். அதுவும் ஆர்வலர் ஆக்கமே. பழைய விளையாட்டுகளை மீண்டும் ஆடும் ஆசையினாற் பிறந்தது. விளையாட்டுப் பிள்ளைகள் செய்தது வரலாற்றாசிரியருக்கு உதவுகின்றது.

ஆனால் எழுத்துருவை நிறுவுதல் அன்றைய நோவுக்கு மருந்தேயன்றி நோய்க்கு மருந்தாகாது. அடுத்த கணினியிலும் அதே தொல்லை வரும். நிலையான வழி ஒருங்குறிக்கு மாற்றுதல். ஈழத்தவராகிய சுரதா யாழ்வாணன் ஆக்கிய ‘பொங்குதமிழ்’ மாற்றியும், சென்னை நியூ ஹொரைசன் மீடியா நிறுவனம் இலவசமாக வழங்கிய மாற்றியும் இத்துறையிற் பெருந்தொண்டு செய்தவை. மாற்றி செய்யும் வேலை வெறும் எண் மாற்றம் மட்டும் அன்று. முன்னே நின்ற கொம்பைப் பின்னே கொண்டு செல்லல் வேண்டும். பிரிந்து நின்ற கொம்பையும் காலையும் ஒன்றாக்கி ஒகர உயிர்க்குறி ஆக்கல் வேண்டும். முத்தையாவின் பொறி கண்ணுக்காகப் பிரித்ததை, மாற்றி காதுக்காகக் கூட்டுகின்றது எனலாம்.

அதற்கும் ஓர் அறியாமை உண்டு. கோப்பின் நடுவே உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால், அதையும் தமிழென்றே எண்ணி மாற்றிவிடும். இணைய முகவரிகளின் இறுதியில் வரும் ‘காம்’ என்பது ‘உழஅ’ ஆகிவிடும். தமிழ் இணையப் பக்கங்களிலும் மலர்களிலும் இந்த ‘உழஅ’ பொருளற்ற அசைபோல நிற்பதைக் கண்டு திகைத்தவர் பலர். திகைக்க வேண்டியதில்லை, அங்கே யாரோ ஒருவர் மாற்றியை நம்பி, மெய்ப்புப் பாராமல் விட்டார் என்பதே பொருள்.

எழுத்துருத் தொல்லையே வேண்டாம் என்று பக்கத்தைப் படமாக்கி வைத்தலும் ஒரு முறை. 2005ஆம் ஆண்டிலே தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் இவ்வாறு பல்லாயிரக் கணக்கிற் படமாக்கி, எவரும் படிக்குமாறு இணையத்தில் வைத்துள்ளது. படத்துக்கு எழுத்துரு வேண்டியதில்லை. ஆனால் ஒரு சொல்லைக் கொடுத்து அது எங்கே வருகின்றது என்று தேடுதல் அதில் எளிதன்று. எனினும் 1981ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பரானதை அறிந்த ஒரு சமூகம், தேட இயலாவிடினும் இருக்கட்டும் என்று முதலில் நினைத்ததிற் பிழை காண்பார் இல்லை.

எரிந்த நூலுக்காக அழுதோம். திறவாத கோப்புக்காக எவரும் அழுவதில்லை. புகை எழாததே காரணம் போலும். வலிகாமம் வடக்கின் நிலையை எண்ணிப் பார்த்தால் இவ்விழப்பின் அளவு விளங்கும். மயிலிட்டி, பலாலி, காங்கேசன்துறைப் பகுதிகளின் மக்கள் 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் பெயர்ந்தவர்கள். மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017ஆம் ஆண்டு ஜூலையிலேதான் விடப்பட்டது. இருபத்தேழு ஆண்டுகளில் வீடுகள் இடிந்தன, மதில்கள் மறைந்தன, கிணறுகள் தூர்ந்தன, ஒழுங்கைகளின் மேல் மரம் வளர்ந்தது. இடம்பெயர்ந்த ஊரவர் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வெளிநாடுகளிலும் இருந்துகொண்டு, நினைவிலிருந்து எழுதிவைத்த குறிப்புகள் சிறிய நிலப்படத்துக்கு நிகரானவை. எந்த வாசிகசாலை எந்த முடக்கில் இருந்தது, நன்னீர்க் கிணறு யாருடைய வளவில் இருந்தது, கடலுக்கு இறங்கும் பாதை எது என்பன அவற்றிலே இருக்கும். அவை எழுதப்பட்ட காலம் பாமினியின் காலம்.

அத்தகைய கோப்பு ஒன்று மீட்கப்பட்டாலும் வேலை முடிந்துவிடாது. தட்டெழுதியவர் அவசரத்திலே விட்ட பிழையும், மாற்றி புகுத்திய பிழையும் கலந்தே இருக்கும். ஊர்ப்பெயர்களுக்கு அகராதி இல்லை. குறிச்சியின் பெயரில் வருவது லகரமா ளகரமா, ஒழுங்கையின் பெயரில் இருப்பது னகரமா ணகரமா என்பதை எந்த மென்பொருளும் சொல்லாது. ஆகவே மாற்றிய பக்கங்களைத் தாளிற் பெரிய எழுத்தில் அச்சிட்டு, அவ்வூரிற் பிறந்து வளர்ந்த முதியவர் ஒருவர் முன் வைத்து, ஒவ்வொரு பெயராக வாசித்துக் காட்டி, அவர் சொல்லச் சொல்லப் பென்சிலாற் திருத்திக்கொள்ளல் வேண்டும். 1990ஆம் ஆண்டில் நாற்பது வயதினராய் இருந்தவர்கள் இன்று எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டனர். தெல்லிப்பழையிலும் மல்லாகத்திலும் ரொறன்ரோவிலும் அவர்களுட் சிலர் இருக்கின்றனர்; பெயரைச் சொன்னால் கிணற்றின் ஆழத்தையும் சேர்த்துச் சொல்லுகின்றனர்.